தலையில் அடிபட்டால்: மாற்றுத்திறனாளி வீரர்களோடு கிறவுண்டில் நிற்பவர்களுக்கு

நான் வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட். கிழமை நாட்களில் வேலை. சனி, ஞாயிறு வந்தால் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து, சில வேளை பார்வையற்றோர் கிரிக்கெட், சில வேளை தரையில் அமர்ந்து ஆடும் கரப்பந்து. எல்லாரும் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள், என் அப்பாவின் வயதுக்காரர் உட்பட. இதை பயிற்சியாளருக்காகவும், பிள்ளையோடு வரும் அம்மாவுக்காகவும், தண்ணீர்ப் போத்தல் தூக்கும் தம்பிக்காகவும் எழுதுகிறேன். அடிபட்ட நிமிஷத்தில் பக்கத்தில் இருப்பது அவர்கள்தான்; டொக்டர் பிறகுதான் வருவார்.

மூளையதிர்வு, அதாவது எல்லாரும் கன்கஷன் என்கிறதன் அடிப்படைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தலையில் நேராக அடிபட வேண்டும் என்றில்லை. உடம்பில் பட்ட அடி தலையை உலுக்கினாலும் போதும். நினைவு தப்பி விழுவது பத்தில் ஒருவருக்குக்கூட நடப்பதில்லை. சி.டி. ஸ்கேனில் கன்கஷன் தெரியாது. ஸ்கேன் எடுப்பது மண்டைக்குள் இரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க. சந்தேகம் வந்தால் ஆளை வெளியே எடுக்க வேண்டும், அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது. பிராட்பி கேடயத்துக்கு றக்பி ஆடுகிற பையனுக்கும் இதே சட்டம்தான்.

சிக்கல் வேறு இடத்தில். கன்கஷனுக்கு நாம் தேடுகிற அடையாளங்களில் பாதி எங்கள் வீரர்களிடம் தினமும் இருப்பவை. தள்ளாடுகிறாரா? பெருமூளை வாதம் உள்ள தம்பி நடக்கப் பழகியதே தள்ளாடித்தான். பேச்சு குழறுகிறதா? நேற்றும் குழறியது. கை விறைக்கிறதா? கழுத்தில் முள்ளந்தண்டு பாதித்த அண்ணாவுக்கு அது பழைய கதை. அதனால் "அவர் எப்பவுமே அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுவது மிக இலேசு. அந்த வசனத்தைக் கிறவுண்டில் யார் சொன்னாலும் நான் உடனே கேட்பது, "எப்பவும் எப்படி? எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்றுதான்.

2021இல் பாரா விளையாட்டில் கன்கஷன் பற்றி ஒரு சர்வதேச நிபுணர் குழு தன் முதல் நிலைப்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. அவர்களும் முதலில் வலியுறுத்துவது இதைத்தான்: ஒவ்வொருவரையும் அவருடைய நல்ல நாளோடு ஒப்பிடுங்கள், அடுத்தவரோடு ஒப்பிட வேண்டாம். 2022இல் அம்ஸ்டர்டாம் மாநாட்டைத் தொடர்ந்து வந்த ஸ்கேட் 6, கன்கஷனைச் சோதிக்கிற படிவம், நல்ல படிவம்தான். ஆனால் ஒற்றைக் காலில் 20 விநாடி நில் என்று அது கேட்கும்போது, கதிரையில் இருப்பவருக்கு அந்தப் பக்கமே வெறுமையாகப் போய்விடுகிறது.

சீசனுக்கு முன்னால்: ஒரு சி.ஆர். கொப்பி

கடையில் ஒரு சி.ஆர். கொப்பி, அதுதான் தடித்த மட்டை போட்ட கொப்பி, வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு பக்கம். சீசன் தொடங்க முதல், ஆள் களைக்காமல் இருக்கும் ஒரு காலையில் ஆறுதலாக இருந்து நிரப்புங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பியுங்கள். இந்த வேலைக்கு நேரம் இல்லை என்கிற அணிக்கு மெட்ச் ஆடவும் நேரம் இல்லை என்பது என் கட்சி.

முதலில் அறிகுறிகள். ஸ்கேட் படிவத்தில் 22 அறிகுறிகள் இருக்கின்றன: தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், வெளிச்சம் கூசுதல், நித்திரைக் குழப்பம், எரிச்சல் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை ஒரு எண். நல்ல நாளிலேயே முள்ளந்தண்டு பாதித்த ஒருவர் கழுத்து நோ 2, களைப்பு 3, நித்திரைக் குழப்பம் 3 என்று சொல்வார். அவரிடம் "எல்லாம் பூச்சியமானால்தான் திரும்பலாம்" என்றால் அவர் இந்த ஜென்மத்தில் திரும்ப மாட்டார். அவர் திரும்பி வர வேண்டியது அந்த 2, 3, 3க்குத்தான்.

அடுத்தது ஞாபகம். பத்துச் சொல்லைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வது. கொழும்பில் நடக்கிற வேடிக்கை என்னவென்றால், வீட்டில் தமிழ், அணியில் சிங்களம், படிவம் ஆங்கிலம். ஆங்கிலச் சொற்களை மறந்தார் என்றால் அது மூளையா, மொழியா? அவர் கனவு காண்கிற மொழியில் கேளுங்கள். நான் தமிழில் இரண்டு பட்டியல் வைத்திருக்கிறேன், ஒன்று பாடமாகிவிட்டால் மற்றது: வாளி, மாம்பழம், கடிதம், கதவு என்று. இவை ஆராய்ச்சியில் பரிசோதித்த பட்டியல்கள் இல்லை. அதே ஆளை அவரோடேயே ஒப்பிட மட்டும். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது வழக்கம். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவரிடம் கிழமை நாட்களைக் கேட்டால் போதும். எத்தனை விநாடி, எத்தனை பிழை என்று குறியுங்கள்.

சமநிலையை அவர் இருக்கிற நிலையில் பாருங்கள். செயற்கைக் கால் போடுபவர் அதைப் போட்டபடியே நிற்கட்டும், எந்தக் காலில் நின்றார் என்று எழுதுங்கள். கதிரையில் இருப்பவர் கைகளை மார்பில் கட்டி, கண்ணை மூடி 20 விநாடி இருக்கட்டும். எத்தனை தரம் சாய்ந்தார், எத்தனை தரம் கை போய்ச் சக்கரத்தைப் பிடித்தது என்று எண்ணுங்கள். காது கேளாதவர்களை இதில் விட்டுவிட வேண்டாம். உட்காதிலேயே சமநிலை உறுப்பும் இருப்பதால், அவர்களில் சிலருக்கு நல்ல நாளிலும் கண்ணை மூடினால் ஆட்டம் இருக்கும்.

அப்புறம் வீடியோ. ஃபோனில் ஒரு நிமிஷம்: பேசுவது, மூக்கைத் தொடுவது, கதிரையைத் தள்ளிப் போய்த் திரும்பி வருவது. "கொஞ்சம் குழறும்" என்று எழுத்தில் இருந்தால் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுப்பார்கள். வீடியோவில் அந்தச் சண்டை இல்லை.

என் கொப்பியில் ஒரு பக்கம் இப்படி. ஆள் யார் என்று தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

"இடது கண் செயற்கை. வலது கண்மணி டோர்ச்சுக்குச் சுருங்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை. முதுகிலும் பிடரியிலும் ஷெல் சன்னம் இருக்கிறது, எம்.ஆர்.ஐ. எடுக்க முதல் கட்டாயம் சொல்லவும். இடது காது பாதிதான் கேட்கும், வலப்பக்கம் நின்று பேசவும். வெடிச்சத்தத்துக்குத் திடுக்கிடுவார், வழக்கம். நித்திரை நாலு மணித்தியாலம், வழக்கம். மாதங்கள் பின்னாலிருந்து 19 விநாடி, பிழை இல்லை. வலிப்பு மருந்து இரவில். வித்தியாசம் தெரிந்தவர்: மனைவி."

இந்தப் பக்கம் இல்லாமல் அவரை, 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் வருகிற அம்பியூலன்ஸில் ஏற்றினால் என்ன நடக்கும்? டோர்ச் அடிப்பவர் ஒரு கண்மணி அசையாமல் நிற்பதைக் காண்பார். மண்டைக்குள் அழுத்தம் ஏறினாலும் அப்படித்தான் நிற்கும். அதனால் முக்கியமான நாலு வரியைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, கதிரையின் பின்பையிலோ கிட் பையிலோ போட்டு வையுங்கள். போரில் காயப்பட்டவர்கள் எங்கள் பாரா விளையாட்டில் நிறையப் பேர். சன்னம், செயற்கைக் கண், பழைய குண்டு அதிர்ச்சி எல்லாம் வெளிநாட்டுப் படிவங்களில் வராது. நாமேதான் எழுத வேண்டும்.

விழுந்த அந்த நிமிஷம்

முதலில் கழுத்து, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். கூடைப்பந்தில் கதிரை கவிழ்வது சாதாரணம், உடனே இரண்டு பேர் ஓடிப்போய் ஆளோடு சேர்த்துத் தூக்கி நிமிர்த்துவதும் சாதாரணம். அந்த ஓட்டத்தைத்தான் நிறுத்த வேண்டும். ஆள் தெளிவாகப் பேசுகிறார், கழுத்து நோ இல்லை, கை கால் அவருக்கு வழக்கம் போல இருக்கிறது என்றால் நிமிர்த்தலாம். இல்லையென்றால் ஒருவர் தலையை அசையாமல் பிடிக்கட்டும், ஆளைக் கதிரையோடு கட்டிய பட்டியைக் கழற்றாமல் அப்படியே விட்டு 1990க்கு அடியுங்கள். வந்து பழகியவர்கள் கழற்றுவார்கள்.

கழுத்து நோ, புதிதாக ஒரு பலவீனம் அல்லது விறைப்பு, இரட்டையாகத் தெரிதல், வலிப்பு, திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகிற தலையிடி, வர வர மயங்குவது, காரணமில்லாமல் மூர்க்கமாவது: இதில் ஒன்று இருந்தாலும் வேறு யோசனை வேண்டாம், அம்பியூலன்ஸ். "புதிதாக" என்பதை அடிக்கோடிடுங்கள். விரல் விறைப்பு ஏற்கெனவே இருந்தவருக்கு அது முழங்கை வரை ஏறியிருந்தால் அது புதிது.

அவசரம் இல்லையென்றால், பக்கத்தில் இருந்து கேளுங்கள். இப்போது எங்கே இருக்கிறோம்? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? போன மெட்சில் வென்றோமா? பார்வையற்றவரிடம் "யார் அடித்தது" என்று கேட்பதைவிட, "கடைசியாக யாருடைய குரல் கேட்டது" என்று கேட்கலாம். பார்வையற்றோர் ஆட்டங்களை ஆபத்தில்லாதவை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2012 லண்டன் பராலிம்பிக்கில் அதிகக் காய விகிதம் பதிவானது பார்வையற்றோர் ஐவர் உதைபந்தாட்டத்தில்தான். மோதல் வருவது தெரியாததால் அவர்களுக்குக் கழுத்தை இறுக்கித் தயாராக நேரம் கிடைப்பதில்லை.

காது கேளாதவரிடம் முகத்துக்கு நேரே இருந்து, சைகை தெரிந்தவரைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும். தலையாட்டினார் என்பதைப் பதிலாக எடுக்கக் கூடாது. அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளிடம் இன்னும் கவனம். "தலை இடிக்குதா?" என்றால் ஓம். "தலை நல்லா இருக்கா?" என்றாலும் ஓம். மிஸ்ஸைச் சந்தோஷப்படுத்தத்தான் அந்த ஓம். முகப் படங்களைக் காட்டித் தொடச் சொல்லுங்கள், அம்மாவிடம் கேளுங்கள். ஒரு தடவை ஒரு அம்மா சொன்னது: "மிஸ், இவன் ரோல்ஸை வேண்டாம் என்று சொல்கிறான்." எனக்கு அது போதுமாக இருந்தது.

வெளியே எடுத்த பிறகு திரும்ப இறங்காமல் பார்ப்பது தனி வேலை. றக்பியில் பூட்ஸை ஒளித்து வைப்பார்கள். கதிரையை ஒளிக்க ஏலாது, அது அவருடைய கால். ஆனால் விளையாட்டுக் கதிரை வேறு, வீட்டுக் கதிரை வேறு. ஆளை வீட்டுக் கதிரைக்கு மாற்றிவிட்டு, விளையாட்டுக் கதிரையை வான் வண்டியில் ஏற்றிக் கதவைப் பூட்டிவிடுவேன். திட்டு வாங்குவேன்தான்.

தலையிடிக்கு வேறு காரணமும் இருக்கலாம்

இந்த இரண்டையும் பயிற்சியாளர்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முள்ளந்தண்டில் டி6 மட்டத்திலோ (நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு) அதற்கு மேலேயோ பாதிப்பு உள்ளவருக்கு, கீழே உடம்பில் ஏதாவது உறுத்தினால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். மூத்திரக் குழாய் மடங்கியிருக்கலாம், பை நிரம்பியிருக்கலாம், தொடைப் பட்டி இறுகியிருக்கலாம், மலச்சிக்கலாகவும் இருக்கலாம். மண்டை பிளக்கிற தலையிடி, முகம் சிவத்தல், மேல் உடம்பில் வியர்வை. விழுந்ததில் குழாய் மடங்கினால், கன்கஷன் போலவே தோன்றும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். கழுத்தில் சந்தேகம் இல்லையென்றால் ஆளை நிமிர்ந்து இருக்க வைத்து, இறுக்கங்களைத் தளர்த்தி, குழாயைப் பார்த்து, பிரஷர் எடுங்கள். இவர்களுடைய வழக்கமான பிரஷர் பெரும்பாலும் குறைவு. மேல் எண் 90, 100 என்று இருப்பவருக்கு 140 என்பது சாதாரணம் இல்லை. அதற்கும் கொப்பியில் ஒரு வரி வேண்டும். இறங்கவில்லை என்றால் அம்பியூலன்ஸ், இது உயிராபத்து. சிலர் இந்த நிலையை வேண்டுமென்றே வரவழைத்து வேகமாக ஆடப் பார்ப்பதும் உண்டு. சர்வதேச பராலிம்பிக் குழு அதைத் தடைசெய்திருக்கிறது. அதனால் கேட்டால் உண்மை வராமலும் போகலாம்.

மற்றது ஷன்ட். பிறவியிலேயே முள்ளந்தண்டுப் பிளவு உள்ளவர்கள் பலருக்கு மூளை நீரை வயிற்றுக்கு வடிக்கிற குழாய் வைத்திருப்பார்கள். அது அடைபட்டாலோ விலகினாலோ தலையிடி, சத்தி, தூக்கம். பார்க்க அசல் கன்கஷன் போலவே இருக்கும். ஷன்ட் இருப்பவர் தலையில் அடிபட்டு இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னாலும் "நாளைக்குப் பார்ப்போம்" கிடையாது; கொழும்புத் தேசிய ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவு போன்ற, ஸ்கேனும் மூளைச் சத்திரசிகிச்சையும் இருக்கிற இடத்துக்கு.

வீட்டில் முதல் இரண்டு நாள்

முதல் மூன்று மணித்தியாலமாவது தனியே விடக் கூடாது. சாராயம், பியர் வேண்டாம். டொக்டர் சொல்லும் வரை ஸ்கூட்டியோ ஓட்டோவோ ஓட்டக் கூடாது. டொக்டர் பார்க்கும் வரை அஸ்பிரின், இபுபுரோபன் வகை வேண்டாம். தலையிடிக்குப் பனடோல் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்; சித்தாலேப தைலம் தடவுவதால் குற்றமில்லை, ஆனால் தடவிவிட்டு "சரி, இப்ப ஓகே" என்று பயிற்சிக்கு வருவதுதான் குற்றம். வலிப்புக்கோ தசை இறுக்கத்துக்கோ தினமும் எடுக்கும் மருந்துகளை யாரும் தங்கள்பாட்டில் நிறுத்தக் கூடாது. தசை இறுக்கத்துக்கான பக்லோபெனைத் திடீரென்று நிறுத்துவது தனி ஆபத்து.

24 முதல் 48 மணித்தியாலம் இலேசான ஓய்வு, ஃபோன் திரை குறைவாக. இருட்டறையில் கிழமைக்கணக்கில் படுக்க வைப்பது பழைய வைத்தியம், இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் ஓய்வு என்றால் யாருக்கு என்ன என்று யோசிக்க வேண்டும். நடக்கிறவர் மெல்ல ஒழுங்கை முனை வரை போய் வருவது இலேசான வேலை. கதிரைக்காரர் காலி வீதி நடைபாதையில், அந்த உடைந்த கல்லுக்கும் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே, தானே தள்ளிப் போவது நல்ல கடும் உடற்பயிற்சி. யாராவது தள்ளட்டும். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறும்போதுதான் தலைச்சுற்றில் விழுவார்கள். இரண்டு நாளைக்கு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். லிஃப்ட் இல்லாத ஃபிளட்டில் மேல் மாடியில் இருப்பவர் என்றால், தூக்கி இறக்குகிற பயணங்களையும் குறையுங்கள்.

படுத்தே இருந்தால் இன்னொரு தொல்லை, படுக்கைப் புண். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வருவது தெரியாது. கன்கஷனில் ஞாபகம் தடுமாறும்போது, குழாய் போட்டு மூத்திரம் எடுக்கிற நேரமும் மறந்துபோகும், புரண்டு படுப்பதும் மறந்துபோகும். வீட்டில் ஒருவருடைய ஃபோனில் அலாரம் வையுங்கள்.

பார்வையற்றவருக்குத் திரை இல்லை, ஆகவே ஃபோன் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். அவர்கள் ஸ்கிரீன் ரீடரை ஓட விடுகிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. அந்த வேகத்தைக் கேட்பது மூளைக்குப் பாரம். குறைக்கச் சொல்லுங்கள், நேரத்தையும் குறைக்கச் சொல்லுங்கள். வெள்ளைப் பிரம்போடு பஸ் ஏறுவதும் அப்படித்தான், முழுக் கவனமும் கேட்கும். காது கேளாதவருக்கு வீடியோ கோல்தான் ஃபோன் கோல். அதை முழுக்க வெட்டினால் ஆள் தனித்துப் போவார். சின்னச் சின்னதாக, இடைவெளி விட்டு.

திரும்ப ஆடுவது

ஆறு படி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணித்தியாலம். அன்றாட வேலை, இலேசானதிலிருந்து நடுத்தரம் வரை உடற்பயிற்சி, விளையாட்டுக்குரிய தனிப் பயிற்சி, மோதல் இல்லாத அணிப் பயிற்சி, முழுப் பயிற்சி, மெட்ச். அணிப் பயிற்சிக்குப் போக முன்னம் டொக்டர் பார்த்திருக்க வேண்டும். உடற்பயிற்சியில் அறிகுறி கொஞ்சம் கூடினால் பயப்பட வேண்டாம்: 10க்கு 2 புள்ளிக்கு மேல் ஏறாமல், ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கினால் சரி. அதற்கு மேல் என்றால் அன்றைக்கு நிறுத்தி, அடுத்த நாள் முயலுங்கள். பெரும்பாலான வளர்ந்தவர்கள் இரண்டு கிழமைக்குள் தெளிவார்கள். எங்கள் ஆட்களுக்கு நான் ஒவ்வொரு படியையும் கொஞ்சம் இழுத்துத்தான் விடுவேன்.

இரண்டாம் படியில் கதிரைக்காரருக்குக் கையால் சுற்றும் சைக்கிள். இதயத் துடிப்பை வைத்து அளப்பது படிவத்தின் முறை: உச்சத் துடிப்பில் 55 வீதம், பிறகு 70 வீதம். கழுத்து மட்டத்தில் பாதித்தவருக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவர்களுடைய உச்சமே பெரும்பாலும் 110 முதல் 130க்குள் நின்றுவிடும். "எவ்வளவு கஷ்டமாக இருக்கு?" என்று கேட்டு, அவர் சொல்கிற எண்ணை நம்புங்கள். பார்வையற்றவர் வழிகாட்டியோடு ஓட முதல், நிறுத்தி வைத்த சைக்கிளில் மிதிக்கட்டும். கால் இழந்தவர் ஒரு கிழமை செயற்கைக் காலைப் போடாமல் இருந்திருந்தால், மீதிக் கால் வீங்கி, அது நுழைகிற செயற்கைக் காலின் கிண்ணம் சரியாகப் பொருந்தாது. அதில் வழுக்கி விழுந்து இரண்டாம் அடி வாங்குவதுதான் எனக்குப் பெரிய பயம். முதலில் கிண்ணத்தைச் சரிபாருங்கள், பிறகுதான் ஓட்டம்.

நேரம் காலை ஆறரை, அதற்குப் பிந்த வேண்டாம். முள்ளந்தண்டு பாதித்தவர்களுக்கு வியர்த்து உடம்பு குளிர்வது குறைவு. கொழும்பு வெயிலில் பத்து மணிக்குச் சுற்றவிட்டால் வருகிற தலையிடி கன்கஷனா, சூடா என்று எனக்கே பிடிபடாது.

முழுப் பயிற்சிக்கு முதல் நாள், கொப்பியில் உள்ள எல்லாச் சோதனையையும் திரும்பச் செய்து பாருங்கள், பழைய வீடியோவையும் பக்கத்தில் வைத்து. மாதங்கள் 19 விநாடியில் சொன்னவர் 31 எடுத்தால், "நல்லா இருக்கு மிஸ்" என்று அவர் சிரித்தாலும் இன்னும் ஒரு கிழமை. கதிரையின் பட்டி, பின்புறத்தில் கவிழாமல் தடுக்கிற சின்னச் சக்கரம், இரண்டையும் அன்றைக்கே பாருங்கள். விழுந்ததில் அவை வளைந்திருந்தால் அடுத்த விழுகையும் பின்பக்கமாகத்தான் வரும்.

நாலு கிழமை தாண்டியும் அறிகுறி நிற்கவில்லை என்றால், "ஓய்வு எடு" என்று திரும்பத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. பாதி நேரம் மூல காரணம் கழுத்திலோ உட்காதின் சமநிலையிலோ இருக்கும், இரண்டுக்கும் பிசியோ இருக்கிறது. சக்கரம் தள்ளித் தள்ளி ஏற்கெனவே தோளும் கழுத்தும் தேய்ந்தவருக்கு அதைத் தேடுவதில் முந்துங்கள். டொக்டரிடம் போகும்போது கொப்பியின் அந்த இரண்டு பக்கத்தையும் போட்டோகொப்பி அடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.